பஸ் கவிழ்ந்து மாண்ட கித்தார் வாலிபர்! கடைசிக் கச்சேரியைக் காத்தது ரசிகரின் "கள்ள" கேசட்

பாட்டு முடிந்தது. கூட்டம் கலைந்தது. பஸ் புறப்பட்டது. பொழுது விடியும் நேரத்தில் ஓர் உயிர் போய்விட்டது!

ஆனால் அந்த வாலிபர் கடைசியாக வாசித்த வாசிப்பு மட்டும் போகவில்லை. டிக்கெட் வாங்கி உள்ளே போன ரசிகர் ஒருவர் அதை கேசட்டில் பிடித்து வைத்துவிட்டார்.

சட்டப்படி பார்த்தால் அது கள்ளப் பதிவு. ஆனால் 31 வருஷம் கழித்து அந்தக் குழுவே அதை வாங்கி வெளியிட்டது. திருட்டா, புண்ணியமா? விவரம் வருமாறு:

24 வயது

1986 செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னா என்ற ஊர். அங்குள்ள சோல்னாஹாலன் அரங்கில் அமெரிக்காவின் "மெட்டாலிகா" குழுவின் ஹெவி மெட்டல் கச்சேரி. மின்சார கித்தார் இடியாக இடிக்கும். டிரம் ஆலங்கட்டி மழையாகக் கொட்டும். பிடித்தவர்களுக்கு அது அமுதம். பிடிக்காதவர்களுக்குத் தலைவலி!

குழுவில் நாலு பேர். பாடுபவர் ஜேம்ஸ் ஹெட்பீல்டு. டிரம் அடிப்பவர் லார்ஸ் உல்ரிச். கித்தார் கிர்க் ஹாமெட். நாலாவது ஆள்தான் நம் கதாநாயகர் கிளிப் பர்ட்டன்.

அவர் வாசித்தது பேஸ் கித்தார். நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் நின்று தாங்குகிற கருவி. வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. யார் கண்ணிலும் படாது. அதை முன்னால் கொண்டு வந்து தனி ஆவர்த்தனமாக வாசித்துக் கூட்டத்தை அலற வைத்தவர் பர்ட்டன். நீண்ட தலைமுடி. மற்றவர்கள் எல்லாம் பெல்பாட்டத்தைத் தூக்கிப் போட்ட பிறகும் இவர் விடவில்லை. அதே கால்சட்டையுடன்தான் மேடை ஏறுவார்.

1982ல் குழுவில் சேரச் சொல்லி அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தான் லாஸ் ஏஞ்சலீசுக்கு வரமாட்டேன், வேண்டுமானால் நீங்கள் சான்பிரான்சிஸ்கோ பக்கம் குடி வாருங்கள் என்றார். மொத்தக் குழுவும் மூட்டை கட்டியது!

இஸ்பேட் ஏஸ்

கச்சேரி முடிந்து குழு டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்குப் புறப்பட்டது. ராத்திரிப் பயணம். பஸ்சுக்குள்ளேயே தூங்க அடுக்குப் படுக்கைகள்.

யாருக்கு எந்தப் படுக்கை? சீட்டு எடுத்து முடிவு செய்தார்கள். பர்ட்டன் கைக்கு வந்தது இஸ்பேட் ஏஸ். அவர் ஹாமெட்டின் படுக்கையைக் கேட்டார். ஹாமெட் விட்டுக்கொடுத்தார். இதைப் பின்னாளில் சொன்னவரும் ஹாமெட்தான்.

செப்டம்பர் 27 காலை 7 மணிக்குச் சற்று முன். தெற்கு ஸ்வீடனில் யுங்பி நகருக்கு அருகே டோரார்ப் கிராமம். பஸ் நெடுஞ்சாலையை விட்டு விலகிப் புல்தரையில் கவிழ்ந்தது. தூங்கிக்கொண்டிருந்த பர்ட்டன் ஜன்னல் வழியே வெளியே தூக்கி எறியப்பட்டார். அவர் மேலேயே பஸ் விழுந்தது. பரிதாபமாக இறந்தார். மற்ற மூவரும் உயிர் தப்பினர்.

சாலையில் உறைபனி, சக்கரம் வழுக்கிவிட்டது என்றார் டிரைவர். அடிபட்ட நிலையிலும் ஹெட்பீல்டு அந்த ரோட்டில் நடந்து பார்த்தார். தன் கண்ணுக்குப் பனி தென்படவில்லை என்று பிற்பாடு பேட்டிகளில் சொன்னார். அந்தச் சந்தேகம் ரசிகர்கள் மனதில் இன்றைக்கும் நிற்கிறது.

பாக்கெட்டில் மைக்

இனி கேசட் விஷயம்.

அந்தக் காலத்தில் கச்சேரிக்கு டேப் ரிக்கார்டர் கொண்டுபோனால் பொதுவாக வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். 1961ல் ரோம் நகரில் உண்டான சர்வதேச ஒப்பந்தமும், கலைஞரின் சம்மதம் இல்லாமல் அவர் நிகழ்ச்சியைப் பதிவு செய்வதைத் தடுக்க வழி செய்கிறது.

ரசிகன் சும்மா விடுவானா? கோட்டுக்குள் மிஷின், தொப்பிக்குள் மைக், சாக்ஸுக்குள் பாட்டரி என்று ஆளுக்கு ஒரு தந்திரம். சோனி கம்பெனியின் புரொபஷனல் வாக்மேன் 1982ல் வந்தது. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. பாட்டு கேட்கவும் செய்யலாம், பதிவு செய்யவும் செய்யலாம். இந்த ஆசாமிகளுக்குக் கொண்டாட்டம்!

ஆனாலும் லேசான வேலை இல்லை. ஹெவி மெட்டல் சத்தத்தில் சின்ன மைக் திணறிவிடும். அளவைக் குறைத்து வைக்காவிட்டால் கேசட்டில் "கரகர"தான் மிஞ்சும். பக்கத்து ஆள் விசில் அடித்தால் அதுவும் பதிவாகும். கைதட்டக் கூடாது. கூடப் பாடக் கூடாது. ஆடக் கூடாது. சி-90 கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிஷம்தான். நேரம் பார்த்து இருட்டில் தடவித் தடவிப் பக்கம் மாற்ற வேண்டும். மாற்றுகிற நேரத்தில் நல்ல பாட்டு வந்தால் போச்சு!

காசு கொடுத்து வந்தவன் கச்சேரியை அனுபவிக்காமல் காவல்காரன் மாதிரி நிற்கிறான். எதற்கு? வராதவர்களும் கேட்கட்டும் என்றுதான்.

விற்பவன் வேறு, மாற்றுபவன் வேறு

இதில் இரண்டு ரகம் உண்டு. ஒருவன் கள்ளப் பதிவை இசைத்தட்டாக அடித்துக் கடையில் விற்பான். அவன் வியாபாரி. கலைஞருக்குச் சல்லிக்காசு போகாது.

இன்னொருவன் தபாலில் மாற்றிக்கொள்பவன். "உன்னிடம் லண்டன் இருக்கா? நான் சிகாகோ தருகிறேன்" என்று கேசட்டுக்குக் கேசட். பணம் கிடையாது. ஒன்றிலிருந்து ஒன்றாகக் காப்பி எடுக்க எடுக்க "ஸ்ஸ்" என்ற இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். ஆனாலும் கேட்பார்கள்.

மெட்டாலிகா வளர்ந்ததே இந்த வழியில்தான். 1982ல் அவர்கள் போட்ட மாதிரி கேசட் ஒன்று கைக்குக் கை மாறிக் கடல் கடந்தது. முதல் இசைத்தட்டு வந்ததோ 1983ல்! டிரம்மர் உல்ரிச்சே சின்ன வயதில் தபாலில் கேசட் மாற்றிய பேர்வழிதான்.

குழுவே கை நீட்டியது

பர்ட்டன் இறந்த மறு வருஷம், 1987ல், அவர் நினைவாக மெட்டாலிகா ஒரு வீடியோ கேசட் வெளியிட்டது. பெயர் "கிளிப் எம் ஆல்". அதில் பெரும்பகுதி என்ன தெரியுமா? ரசிகர்கள் கூட்டத்தில் நின்று திருட்டுத்தனமாக எடுத்த படங்கள்! ஆடும், மங்கும், முன்னால் நிற்பவன் தலை மறைக்கும். ஆனால் அதில் பர்ட்டன் இருக்கிறார். அது போதாதா?

பிற்காலத்தில் தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்யவும் குழு அனுமதி தந்தது.

இதே குழுதான் 2000ல் நாப்ஸ்டர் என்ற இணைய நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தங்கள் பாட்டைக் கேட்காமல் பரப்புகிறார்கள் என்று புகார். 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பயனர் பெயர்ப் பட்டியலையே கொண்டுபோய்க் கொடுத்தது. "கேசட்டில் வளர்ந்தவங்களுக்கு இது அடுக்குமா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

குழுவின் பக்கமும் நியாயம் உண்டு. ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் செய்த சரக்கு கடையில் இருக்கிறது. வேண்டியவர் வாங்கலாம். ஆனால் ஒரு ராத்திரிக் கச்சேரியை எந்தக் கடையில் வாங்குவது? யாராவது பிடித்து வைத்தால்தான் உண்டு.

கேசட்டாகவே வந்தது

2017 நவம்பர். பர்ட்டன் வாசித்து 1986ல் வந்த "மாஸ்டர் ஆப் பப்பெட்ஸ்" தொகுப்பைப் பெரிய பெட்டியாக மெட்டாலிகா மறுபடி வெளியிட்டது. உள்ளே இசைத்தட்டு, சி.டி., டி.வி.டி. என்று அடுக்கடுக்காக இருந்தன. கூடவே ஒரே ஒரு கேசட். அதில் 1986 செப்டம்பர் ஸ்டாக்ஹோம் கச்சேரி. ரசிகர் பதிவு செய்தது!

எத்தனையோ ஆடியோ என்ஜினீயர்கள், எத்தனையோ லட்சம் செலவு. ஆனாலும் அந்த இரவுக்கென்று பெட்டியில் வைக்கக் கிடைத்தது கூட்டத்தில் நின்றவர் எடுத்த நாடாதான்.

அன்று மெட்டாலிகா கடைசியாக வாசித்த பாட்டு "பிளிட்ஸ்கிரீக்". பர்ட்டனுக்கு அதுவே கடைசிப் பாட்டு. மேடையில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. ஒளித்து வைத்த மிஷினுடன் நின்றவருக்கும் தெரியாது. அவர் ஒரு சாதாரண வெள்ளிக்கிழமையைத்தான் பதிவு செய்தார். விடிந்ததும் அது ஒரு வாலிபரின் கடைசி வாசிப்பாகிவிட்டது.

விபத்து நடந்த இடத்துக்கு அருகே 2006ல் பர்ட்டனுக்கு நினைவுக்கல் வைத்தார்கள். அந்தப் பக்கம் போகிற ரசிகர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுப் போகிறார்கள்.

கல்லில் பெயர் இருக்கிறது. கேசட்டில் ஆளே இருக்கிறார்!