‘ஏங்கிகென்’: கிரேக்க நிறைவுகாலமும் தமிழ்த் துணைவினைகளும்

‘அருகில்’ எனப் பொருள்படும் ‘எங்குஸ்’ என்னும் வினையடையோடு தொடர்புடைய கிரேக்க வினை ‘எங்கிட்சோ’. ‘நெருங்கு’ என்பது அதன் பொருள். மத்தேயு 3:2, மாற்கு 1:15 ஆகிய இரண்டிலும் இறையாட்சி குறித்து வருவது இதன் நிறைவுகால வடிவமாகிய ‘ஏங்கிகென்’. செயல் முடிந்தது, விளைவு நிற்கிறது என்பதே அக்காலத்தின் கருத்து. இங்கு ‘வந்துவிட்டது’ என்றே பொருள்கொள்ள வேண்டும் என சி. எச். டாட் 1935இல் வாதிட்டார். அவ்வாறாயின் கேட்போர் இறையாட்சிக்குக் காத்திருப்போர் அல்லர், அதனுள் நிற்போர்.

1871ஆம் ஆண்டுப் பவர் திருப்புதலின் வழிவந்த பழைய திருப்புதல், ஒரே கிரேக்க வடிவத்தை மத்தேயுவில் ‘சமீபித்திருக்கிறது’ என்றும் மாற்கில் ‘சமீபமாயிற்று’ என்றும் தருகிறது. பின்னது வெறும் இறந்தகாலம். முன்னதில் ‘இரு’ என்னும் துணைவினை நிற்கும் விளைவைக் காட்டுகிறது. எனினும், ‘மழை பெய்திருக்கிறது’ என்பதுபோல, அவ்வடிவம் ஊகத்தையும் உணர்த்தவல்லது. பறைசாற்றுவோன் வாயில் சற்றுத் தளர்ந்தே ஒலிக்கும்.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஈரிடத்தும் ‘நெருங்கி வந்துவிட்டது’ என்கிறது. ‘விடு’ உறுதி சேர்க்கிறது. ஆனால் ‘வந்து’ டாட்டின் பக்கம் சாய்கிறது. புறநகர் மின்தொடர் வண்டி கும்மிடிப்பூண்டியை நெருங்கிவிட்டது என்றால் பயணி எழுந்து நிற்பார், இறங்கமாட்டார். மாற்கு 14:42இல் யூதாசைக் குறித்தும் இதே ‘ஏங்கிகென்’ வருகிறது. இயேசு பேசிக்கொண்டிருக்கையிலேயே, அடுத்த வசனத்தில்தான், அவன் வந்து சேர்கிறான். ஆதலின் ‘நெருங்கிவிட்டது’ என்பதே போதும். ‘வந்து’ மிகை என்பது என் கருத்து.