மூட்டு நலனுக்கான குர்குமின் துணையுணவு: சான்றுகளின் மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

முழங்கால் மூட்டுத் தேய்மானத்திற்குக் குர்குமின் குப்பிகளைத் தாமாகவே வாங்கி உண்பது பரவலாகியுள்ளது. குப்பியின் மீதுள்ள அளவுக் குறிப்பு, உடல் அதனை ஏற்கும் தன்மை, மருத்துவ ஆய்வுகளின் அமைப்பு, பாதுகாப்பு ஆகிய கோணங்களில் இத்துணையுணவை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: குர்குமின், மஞ்சள், மூட்டுத் தேய்மானம், பைப்பெரின், மருந்துப்போலி

முன்னுரை

மூட்டுத் தேய்மானத்தால் இழந்த குருத்தெலும்பை மீட்டுத்தரும் மருந்து இன்றுவரை இல்லை. வலிநிவாரணிகளோ நீண்டகாலப் பயன்பாட்டில் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் தாக்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்திலேயே குர்குமின் விற்பனையாகின்றது. மஞ்சள் வீட்டுப் பொருள் என்பதனால் அதிலிருந்து பிரித்தெடுத்ததும் தீங்கற்றது என்னும் எண்ணம் இயல்பாக எழுகின்றது. ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற தமிழகத்தில் இவ்வெண்ணத்திற்குக் கூடுதல் வலிமை உண்டு. ஆயினும் சமையலறை மஞ்சளும் குப்பியில் அடைத்த சாறும் ஒன்றல்ல.

குப்பியின் மீதுள்ள எண்

1815-இல் வோகல், பெல்லெத்தியே ஆகியோரால் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட குர்குமின், மஞ்சள் தூளின் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே. சந்தையில் கிடைக்கும் குப்பிகள் பலவற்றில் ‘500 மில்லிகிராம், 95 விழுக்காடு குர்குமினாய்டுகள்’ என்னும் குறிப்பு காணப்படுகின்றது. அதாவது ஒரு மாத்திரையில் 475 மில்லிகிராம். இவ்வளவைத் தூளாகப் பெற வேண்டுமாயின் ஏறத்தாழ 16 கிராம் மஞ்சள் உண்ண வேண்டும். ‘நம் முன்னோர் நாள்தோறும் உண்டதே’ என்னும் விளம்பர வாதம் இக்கணக்கின் முன் நிற்காது. மேலும், நிறமூட்டியாகக் குர்குமினை உணவில் சேர்ப்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுள்ள நாளளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மில்லிகிராம். ஒரே மாத்திரை அதனை இரண்டரை மடங்குக்கு மேல் கடந்துவிடுகின்றது.

உடலில் சேரும் அளவு

உண்ட குர்குமினின் பெரும்பகுதி குருதியை எட்டுவதில்லை. எட்டுவதும் குடற்சுவரிலும் கல்லீரலிலும் குளுகுரோனைடாக மாற்றப்பட்டு விரைவில் வெளியேறுகின்றது. 1998-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினைத் தனியே உட்கொண்டவர்களின் குருதியில் அது கண்டறிய இயலாத அல்லது மிகக் குறைந்த அளவிலேயே இருந்ததைக் காட்டினர். அதனுடன் மிளகிலுள்ள பைப்பெரினை 20 மில்லிகிராம் சேர்த்தபோது உயிர்க்கிடைப்பு 2000 விழுக்காடு உயர்ந்தது. இன்றுவரை விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் எண் இதுவே. ஆனால் விழுக்காடு என்பது ஒப்பீடு. ஏறத்தாழச் சுழியத்தைப் பலமடங்காக்கினாலும் கிடைப்பது சிறிதே.

‘நூறு மடங்கு உறிஞ்சப்படும்’ என உரிமைகோரும் புதிய வடிவங்களில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குருதி மாதிரியை நொதியால் சிதைத்து, இணைந்த வடிவத்தையும் கட்டற்ற வடிவத்தையும் கூட்டி அளந்திருப்பின், அவ்வெண் செயலாற்றவல்ல குர்குமினைக் குறிப்பதன்று. ஆய்வுரையின் முறையியல் பகுதியைப் படிக்காமல் இதனை அறிய வழியில்லை.

ஆய்வகச் சோதனைகளிலும் சிக்கல் உண்டு. குர்குமின் ஒளிர்வது, நிலையற்றது, பல புரதங்களோடு தற்செயலாக வினைபுரிவது. ஆகவே சோதனையையே குழப்பிப் பொய்யான நேர்முடிவைத் தரவல்லது. 2017-இல் நெல்சனும் பிறரும் மருந்து வேதியியல் இதழொன்றில் எழுதிய திறனாய்வு, 120-க்கும் மேற்பட்ட மருத்துவ ஆய்வுகள் நடந்தும் மருந்துப்போலியோடு ஒப்பிட்ட இருபுற மறைப்பு ஆய்வு எதுவும் வெற்றிபெறவில்லை என்றது. இக்கூற்று சற்றுக் கடுமையானதே. மூட்டுவலி குறித்துப் பின்னர் வந்த ஆய்வு அதனை ஓரளவு தளர்த்துகின்றது.

மூட்டுவலி ஆய்வுகள்

தாய்லாந்தில் 367 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ஆய்வு, நாள்தோறும் 1500 மில்லிகிராம் மஞ்சட்சாற்றை 1200 மில்லிகிராம் ஐபுபுரூஃபனோடு நான்கு வாரம் ஒப்பிட்டது. வலி குறைப்பில் சாறு பின்தங்கவில்லை. வயிற்று உபாதை ஐபுபுரூஃபன் குழுவில் மிகுதியாக இருந்தது. ஆயினும் மருந்துப்போலிக் குழு இல்லை. முழங்கால் வலி கூடியும் குறைந்தும் வருவது. வலி மிகுந்த நாளில் ஆய்வில் சேர்ந்தவர் நான்கு வாரத்தில் தாமாகவே தேறுவதுண்டு. இரு குழுக்களும் ஒருசேரத் தேறியதில் சாற்றின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வமைப்பால் பிரித்தறிய இயலாது.

2020-இல் வெளியான ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனிய ஆய்வு அமைப்பில் மேம்பட்டது. மூட்டில் நீர்கோத்த 70 பேர், 12 வாரம், மருந்துப்போலிக் குழு உண்டு. 100 மில்லிமீட்டர் வலி அளவுகோலில் சாற்றுக் குழு 9.1 மில்லிமீட்டர் கூடுதலாகத் தேறியது. காந்த ஒத்ததிர்வுப் படத்தில் மூட்டுநீரின் அளவோ குருத்தெலும்பின் தன்மையோ மாறவில்லை. வலி சிறிது தணிந்தது, மூட்டு மாறவில்லை என்பதே இதன் பொருள். இதில் பெரிதும் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு: ஆய்வில் கொடுக்கப்பட்ட சாற்றின் பெரும்பகுதி நீரில் கரையும் பல்சர்க்கரைகளைக் கொண்டது, குர்குமின் செறிந்ததன்று. ‘95 விழுக்காடு’ குப்பிக்கு இவ்வாய்வைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. ஐரோப்பிய ஆணையமும் 2017-இல் குர்குமினுக்கும் மூட்டின் இயல்பான செயற்பாட்டிற்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி அவ்வுரிமைகோரலை ஏற்கவில்லை.

பாதுகாப்பு

பைப்பெரின் குர்குமினின் சிதைவை மட்டும் தடுப்பதில்லை. வலிப்பு நோய்க்கான பெனிடாயின், இதயநோய்க்கான புரோப்ரனலால் ஆகியவற்றின் குருதியளவையும் அது உயர்த்துகின்றது. மூட்டுவலியால் குர்குமின் நாடுவோரில் முதியோர் மிகுதி. அவர்களுள் பலர் வேறு மருந்துகளையும் உட்கொள்பவர்கள். குருதி உறைவைத் தடுக்கும் வார்பரின் உண்போரும் பித்தப்பைக் கல் உள்ளோரும் தனிக் கவனத்திற்கு உரியோர்.

இத்தாலியில் 2019-இல் குர்குமின் துணையுணவுகளோடு தொடர்புடைய கல்லீரல் அழற்சி நேர்வுகள் பதிவாயின; பின்னர் குப்பிகளில் எச்சரிக்கை வாசகம் கட்டாயமாக்கப்பட்டது. அமெரிக்காவில் மருந்துவழிக் கல்லீரல் பாதிப்பைப் பதியும் ஆய்வு வலையமைப்பு மஞ்சள் துணையுணவு சார்ந்த 10 நேர்வுகளை விவரித்தது. அவர்களுள் ஒருவர் இறந்தார், எழுவர் எச்.எல்.ஏ.-பி 35:01 என்னும் ஒரே மரபணு வகையைக் கொண்டிருந்தனர். உண்போர் தொகையை நோக்க இந்நேர்வுகள் அரியவை. ஆயினும் ‘வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என மருத்துவர் கேட்கும்போது மஞ்சள் மாத்திரையை மருந்தாகக் கருதிச் சொல்வோர் சிலரே. மஞ்சள் காமாலையோடு வரும் நோயாளியின் குறிப்பில் அது இடம்பெறாமல் போவது அதனாலேயே.