தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு சின்னக் கமெரா



பலாபத்வலப் பக்கம் மிளகும் மரக்கறியும் செய்கிற பெண்களோடு பேச உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் குரங்கிலும் பன்றியிலும்தான் வந்து நிற்கும். இரவுக் காவலுக்கு ஆள் இல்லாத, பெண் ஒருத்தியே சுமக்கிற வீடுகளில் இந்த நட்டம் இன்னும் பெரிது. சிலர் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அது சட்டவிரோதம். பன்றிக்கு வைத்தது விறகு பொறுக்கப் போனவரின் காலைப் பதம் பார்ப்பதும் உண்டு. வெடிச் சத்தம் கேட்டாலே உடம்பு பதறுகிறது என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே துவக்கை விட்டு, வந்த மிருகத்தையும் அது செய்த அழிவையும் படம் பிடித்து வைப்பதைப் பற்றி எழுதுகிறேன்.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் போன்றவற்றைக் கணக்கெடுத்தது நினைவிருக்கும். ஐந்து நிமிடக் கணக்கா என்று பலரும் சிரித்தார்கள். ஆனாலும் தன் காணிக்கு என்ன வருகிறது என்பதைக் காணிக்காரியே பதிய வேண்டும் என்ற எண்ணம் எனக்குப் பிடித்தது. முறைப்பாட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வருவதற்குள் ஒரு மழை பெய்தால் காலடி கரைந்துவிடும். படம் இருந்தால் நட்டஈடு நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். பேச ஒரு ஆதாரம் கையில் இருக்கும், அவ்வளவுதான்.

கையில் நல்ல கைபேசி இருந்தால் கமெராவுக்குக் காசு செலவழிக்காதீர்கள். அழிந்த பயிரை எடுக்க அதுவே போதும். தூரத்து மரத்தில் இருக்கும் குரங்கை எடுக்கத்தான் கமெரா வேண்டும். அப்படி வாங்கினால் 'ஒப்டிகல் சூம்' எத்தனை மடங்கு என்று மட்டும் கேளுங்கள். 'டிஜிட்டல் சூம்' என்பது எடுத்த படத்தை இழுத்துப் பெருப்பிப்பதுதான். குரங்கு வெறும் புள்ளியாகிவிடும். மெகாபிக்சலைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். தபாலட்டை அளவுப் படம் அச்சிட 2 மெகாபிக்சலே போதும்.

ஒலிம்பஸ் 'டஃப்' வகைக் கமெராக்கள் மழைக்கும் விழுந்தெழும்பவும் தாங்கும். 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்த டிஜி-7 நீருக்குள் 15 மீற்றர் வரை போகும். ஆனால் அதன் சூம் 4 மடங்குதான், விலையும் நமக்கு எட்டாது. எங்களுக்குச் சரிவருவது பாவித்த பழைய கமெராதான். அதிலே ஒரு விஷயம்: 2006க்கு முந்திய பல கமெராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது. கார்டைப் போட்டு, கடையிலேயே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். சாதாரண பென்சில் பற்றரி போடுகிற வகை கிடைத்தால் நல்லது. தனிப் பற்றரி பழுதானால் தேடி அலைய வேண்டும். இரவில் அதன் ஃபிளாஷ் சில மீற்றருக்கு மேல் எட்டாது. இருட்டில் பன்றியின் பின்னால் போகவே வேண்டாம், அடிபட்ட பன்றி திரும்பினால் ஆபத்து.

காலடியை விடியலில் எடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் பள்ளம் தெரியும், உச்சி வெயிலில் மண் தட்டையாகிவிடும். பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவு நாடாவையோ வைத்தால் அளவு விளங்கும். வேலியும் பெரிய மரமும் தெரியும்படி தூரத்திலிருந்து இன்னொரு படம் எடுத்தால்தான் அது உங்கள் காணி என்று காட்டலாம். முதலில் கமெராவில் திகதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். பற்றரி முழுக்க இறங்கினால் அது அழிந்துவிடும், மறுபடி வைக்க வேண்டும். குரங்கு நிற்காது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருந்து, அது தலையைத் தூக்கும்போது முழுதாக அழுத்துங்கள்.

படத்தை இரண்டு பிரதி அச்சிட்டு, பின்னால் திகதியும் இடமும் எழுதுங்கள். ஒன்றைக் காணிப் பத்திரம் இருக்கும் கோப்பில் வையுங்கள். மற்றதை வேறொரு வீட்டில், நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். இடம்பெயர்ந்தபோது பத்திரங்களை இழந்தவர்களுக்கு இது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.