ஏடுகள் பேசும் மொழி

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் தொழிலாளி ஒருவருக்கு நீரிழிவு நோய் உண்டென்று கொள்வோம். அவர் ஊரிலுள்ள மருத்துவமனையில் மாதந்தோறும் மாத்திரை பெறுகிறார். ஆய்வுக்கூடத்தில் குருதியைச் சோதித்துக்கொள்கிறார். வீட்டிலும் சிறு கருவியால் சர்க்கரையை அளந்து, பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் குறித்து வைக்கிறார். பென்சிலின் மருந்து அவர் உடலுக்கு ஒவ்வாது. ஒருநாள் நள்ளிரவில் அவர் நினைவிழக்கிறார். 50 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திருநெல்வேலிக்குக் கொண்டுசெல்லப்படுகிறார். அங்குள்ள மருத்துவர் அவரை முன்பின் அறியாதவர். ஒவ்வாமை பற்றிய செய்தி ஏட்டில் இருக்கிறது; ஏடோ ஊரில் இருக்கிறது!

ஏடுகளையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதாதோ எனின், போதாது. ஒரு கணிப்பொறி எழுதியதை மற்றொன்று பொருள் பிறழாமல் படித்தல் வேண்டும். நம் நாட்டுக் கருவி குருதிச் சர்க்கரையை 126 என்று காட்டினால், இங்கிலாந்துக் கருவி அதனையே 7 என்று காட்டும். முன்னது ஒரு டெசிலிட்டரில் உள்ள மில்லிகிராம். பின்னது ஒரு லிட்டரில் உள்ள மில்லிமோல். அலகைக் குறியாது எண்ணை மட்டும் அனுப்பினால், காலையில் நடந்து வந்த மனிதரை உடல் தாங்கவொண்ணாத தாழ்நிலையில் உள்ளவராகக் கருத நேரும். உண்ணுமுன் அளந்ததா, உண்டபின் அளந்ததா என்பதும் தெரிதல் வேண்டும்.

ஆகவே அறிஞர்கள் பொதுவிதிகளை வகுத்தனர். நோய்களின் பெயர்க்கு ‘ஸ்னோமெட்’, ஆய்வுகளின் பெயர்க்கு ‘லாயின்க்’ என்னும் குறியீடுகள் உள்ளன. 1987-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘எச்.எல்.7’ என்னும் அமைப்பு வகுத்த ‘ஃபயர்’ என்னும் முறை, நோயாளர், மருந்து, ஒவ்வாமை, அளவீடு எனக் குறிப்புகளைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து அனுப்ப உதவுகிறது. இந்திய அரசு மின்னணு மருத்துவ ஏடுகளுக்குரிய விதிகளை 2013-இல் வெளியிட்டு, 2016-இல் திருத்தியது.

2021 செப்டம்பர் 27 அன்று நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், விரும்புவோர் 14 இலக்க எண் ஒன்றைப் பெறலாம். சங்கரனும் நாராயணனும் ஓருருவாய் நிற்கும் கோவிலால் பெயர்பெற்றது நம் தொழிலாளியின் ஊர். ஏடுகளோ அங்ஙனம் ஓருருவாக வேண்டுவதில்லை. ஒவ்வொன்றும் பிறந்த இடத்திலேயே இருக்கும். நோயாளர் இசைந்தால், இசைந்த பகுதி மட்டும், இசைந்த காலத்திற்கு மட்டும் மற்றோரிடத்தில் காட்டப்படும். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளரையே வள்ளுவர் முதலில் எண்ணினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

நினைவிழந்தவர் எங்ஙனம் இசைவு தருவார்? நல்ல வினாவே. தம் சார்பில் இசைவு தருவதற்கு ஒருவரை முன்னரே குறித்துவைக்க அத்திட்டத்தின் கொள்கை இடம் தருகிறது. ஆயினும் அதனை உடல்நலத்தோடு இருக்கும்போதே செய்தல் வேண்டும். பலரும் செய்யாது விடுவது அதனையே.

இனி, வீட்டில் எடுத்த அளவுகள். 2021 ஆகஸ்டு 5 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று குருதியழுத்தமும் சர்க்கரையும் அளக்கின்றனர். நோயாளர் தாமே அளப்பதும் உண்டு. இவ்விரண்டும் ஆய்வுக்கூட அளவோடு கலந்துவிடலாகாது. அளந்தவர் யார், கருவி எது என்ற குறிப்பும் உடன்செல்ல வேண்டும். நாட்காட்டியின் பின்புறத்து எண்கள் அக்குறிப்புகளோடும் நாள், நேரம், அலகு ஆகியவற்றோடும் சென்றடைந்தால், முன்பின் அறியாத மருத்துவரும் கடந்த ஒரு திங்களில் சர்க்கரை ஏறியிறங்கிய போக்கைச் சில நொடிகளில் கண்டுகொள்வார்.