நிலம் அதிராத ஊர்

பொத்துவிலிலிருந்து கல்முனை வரை கரையோரமாக வரும் பாதை கண்ணுக்கு நல்விருந்து. சென்ற மாதம் வெளியூர் அன்பர்கள் பன்னிருவருக்கு அவ்விருந்தைப் பரிமாறும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. காரைதீவில் பிறந்தவனுக்குக் கடற்கரையைக் காட்டத் தெரியாதா என்று நண்பர்கள் எண்ணினார்கள் போலும்!

அறுகம் குடாவில் அலைமேல் பலகையேறி விளையாடுவோரைக் கண்டு வியந்தோம். திருக்கோவிலில் சித்திரவேலாயுதரைத் தொழுதோம். அதன்பின் வழிநெடுக வலப்புறம் கடலும் இடப்புறம் வயலுந்தான். ஒலுவிலுக்கு வடக்கே, துறைமுகம் எழுந்தபின் கடல் அரித்த கரையில், வேர்கள் வெளித்தெரியச் சாய்ந்திருந்த தென்னைகளை அன்பர்கள் ஆசையோடு படம் பிடித்தார்கள். தோட்டத்துக்குரியவன் அருகில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ!

நண்பகல் காரைதீவில். 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த மண் என்றதும், ‘யாழ் நூ’லைப் படித்திருந்த முதியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டே நடந்தார். கண்ணகியம்மன் கோயிலையும் கண்டு, மாலையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலை அடைந்தோம். நாகூர் ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேறும் இடம் அது. பயணத்தின் முடிவும் அதுவே.

“எவ்வளவு விசாலமான கரை! ஒரு வீடுகூட மறைக்கவில்லையே!” என்றார் ஓர் அம்மையார்.

அவர் நின்றது மணலன்று, சிமெந்துத் தரை. மணல் மூடியது போக ஒரு பாய் அகலம் வெளியே தெரிந்தது.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை ஏறத்தாழ ஏழு மணிக்குச் சுமாத்திராவை அடுத்துக் கடலடி நிலம் 1,200 கிலோமீற்றருக்கு மேல் பிளந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடல். எங்கள் வீட்டில் ஒரு பாத்திரங்கூட அசையவில்லை. ஆழ்கடலில் வானூர்தியின் வேகத்தில், கப்பலில் இருப்போரும் அறியாதபடி ஓடிவரும் அலை, ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரும். இரண்டு மணி நேரத்தில் அது எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எல்லாம் ஒரே வரிசையில் அகப்பட்டன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிர்ச்சேதம் இல்லை.

கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டி வாழ்ந்த ஊர்கள் இவை. கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென அரசாங்கம் அறிவித்தபோது, பின்வாங்க இடம் ஏது? வயலை நிரப்பினால் சோறு போகும். தொலைவில் குடியேறினால் கரைவலை போகும். பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டது. ஆயினும் முன்வரிசையில் பலர் திரும்பவேயில்லை. அம்மையார் வியந்த விசாலம் இப்படி வந்ததுதான்.

2012 ஏப்ரல் 11இல் மீண்டும் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியது. இம்முறை எச்சரிக்கை முந்தி வந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினோம். பேரலை வரவில்லை. அன்றிரவு எவரும் கடற்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இவற்றையெல்லாம் அன்பர்களுக்கு நான் விரித்துரைக்கவில்லை. அந்தத் தரை, என்னோடு படித்த நண்பனின் வீட்டுத் திண்ணை என்று மட்டும் சொன்னேன். பெருநாள்தோறும் அவனுடைய உம்மா எனக்கு வட்டிலப்பம் வைத்துத் தந்த இடம்.

அம்மையார் மெல்லக் கால்களை எடுத்து மணலில் வைத்தார். இருட்டுகிறதென்று பேருந்துச் சாரதி ஒலியெழுப்பினார்.