நஞ்சைக் கொண்டு கட்டும் நொதிகள்

நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்க மனிதர்கள் நம்பியிருக்கும் தரமான வினையூக்கி பிளாட்டினம். விலையோ நகைக்கடை விலை. குளத்துப் பாசியும், காற்று எட்டாத சேற்றில் வாழும் பாக்டீரியாவும் வெறும் இரும்பை வைத்தே ஹைட்ரஜனை உண்டாக்கிவிடுகின்றன. அதைச் செய்யும் நொதிக்கு ஹைட்ரஜனேஸ் என்று பெயர். அதில் இரட்டை இரும்பு வகைதான் வேகக்காரன்: ஒரே ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கான ஹைட்ரஜன் மூலக்கூறுகளை வெளியே தள்ளும்.

அந்த நொதியின் வினைமையம் எப்படி இருக்கிறது என்பது 1990-களின் இறுதியில், படிக அமைப்பும் அகச்சிவப்பு ஆய்வும் சேர்ந்துதான் தெளிவானது. நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் சேர்ந்த கனசதுரம் ஒன்று. அதை ஒட்டி இரண்டு இரும்பணுக்கள். அந்த இரண்டின் மேலும் சேர்த்து மொத்தம் மூன்று கார்பன் மோனாக்சைடு, இரண்டு சயனைடு. முன்னது, மூடிய அறையில் கரியடுப்பு மூட்டினால் ஆளைக் கொல்லும் வாயு. பின்னதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றை உயிரணு வெளியிலிருந்து வாங்குவதில்லை, தானே தயாரிக்கிறது. இரும்பைவிட இதுதான் எனக்கு வியப்பு.

யார் தயாரிக்கிறார்கள்? 2004-ல் கிளாமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியில், ஹைட்ரஜன் தரும் திறனை இழந்த ஒரு திரிபை ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. ஹைட்-இ, ஹைட்-எஃப், ஹைட்-ஜி என்று மூன்று உதவிப் புரதங்கள். ஹைட்ரஜனேஸின் மரபணுவை மட்டும் இ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால் கனசதுரம் மட்டுமே உள்ள அரைகுறைப் புரதம்தான் வரும். இந்த மூவரையும் சேர்த்து அனுப்பினால் நொதி வேலை செய்யத் தொடங்குகிறது.

மூவரில் ஹைட்-ஜி செய்யும் காரியம் அசாத்தியமானது. டைரோசின் என்ற சாதாரண அமினோ அமிலத்தைப் பிடித்து, இணையற்ற எலக்ட்ரான் ஒன்றைத் தாங்கிய, மிகுந்த வினைத்திறன் கொண்ட ஒரு மூலக்கூறுத் துணுக்கால் அதை உடைக்கிறது. ஒரு பாதி பாராகிரெசால் என்ற கழிவாகப் போகிறது. மறுபாதி கார்பன் மோனாக்சைடும் சயனைடுமாகப் பிளக்கிறது. புரதத்தின் உள்ளே ஓடும் சுரங்கப் பாதையின் மறுமுனையில் இரும்பணு ஒன்று காத்திருக்கிறது. இரண்டும் அதன்மேல் ஏறிக்கொள்கின்றன. பிறந்த இடத்திலேயே நஞ்சு கட்டிப்போடப்படுகிறது. உயிரணுவுக்குள் அது அலைவதற்கு வாய்ப்பு குறைவு.

ஹைட்-இ இப்படி உருவான இரும்புத் துண்டுகளை வாங்கி, இரண்டு இரண்டாக இணைக்கும் கட்டத்துக்குக் கொண்டுபோகிறது. ஹைட்-எஃப் சாரம்போல் நின்று தாங்கி, முடிந்த மையத்தை ஹைட்ரஜனேஸிடம் கைமாற்றுகிறது.

இதற்கிடையே ஒரு சிக்கல் நெடுநாள் இழுத்தடித்தது. இரண்டு இரும்பையும் இணைக்கும் கந்தகப் பாலத்தின் நடுவில் இருக்கும் ஒற்றை அணு எது? கார்பனா, நைட்ரஜனா, ஆக்சிஜனா? எக்ஸ்-கதிருக்கு மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் தெரியும். 2013-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் நேரடி வழியில் இறங்கினார்கள். மூன்று வகை இரட்டை இரும்புச் சேர்மங்களையும் வேதிக்கூடத்தில் தயாரித்து, ஹைட்-எஃப்மேல் ஏற்றி, அதன் வழியாக அரைகுறைப் புரதத்துக்குள் செலுத்திப் பார்த்தார்கள். நைட்ரஜன் வைத்தது மட்டும் முழு வேகத்தில் ஓடியது. புரோட்டானை வாங்கி இரும்பிடம் கொடுப்பது அந்த நைட்ரஜன்தான்.

அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, ஹைட்-எஃப்கூடத் தேவையில்லை என்று காட்டியது. சேர்மத்தைக் கரைசலில் போட்டால் போதும். புரதமே அதை உள்ளே இழுத்து, கூடுதலாக இருந்த ஒரு கார்பன் மோனாக்சைடைக் கழற்றிவிட்டு மையத்தைப் பொருத்திக்கொள்கிறது.

ஆனால் இயற்கை கட்டினாலும் மனிதர் கட்டினாலும் இந்த வகை நொதிகளில் பெரும்பாலானவை ஆக்சிஜன் பட்டால் பாழாகிவிடும். காற்றைத் தாங்கும் நொதி ஏதாவது சிக்குமா என்று, இதுவரை யாரும் தொடாத ஹைட்ரஜனேஸ் மரபணுக்களை இ. கோலைக்குள் ஒவ்வொன்றாகச் செலுத்திச் சோதிக்க, செயற்கைச் சேர்மத்தை நேரடியாகச் சேர்க்கும் அந்தக் குறுக்குவழி இப்போது உதவுகிறது. ஒவ்வொரு தடவையும் மூன்று உதவியாளர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டிய பாடு மிச்சம்.