இல்லாத இரண்டு நிறப்புரிகள்

மனித உயிரணுவின் உட்கருவில் குரோமோசோம்கள் எனப்படும் நிறப்புரிகள் 48 என்று 1923ஆம் ஆண்டு அறிவித்தார் அமெரிக்க உயிரணுவியலார் தியோபிலஸ் பெயின்டர். விரைத் திசுவை மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ணிச் சொன்ன கணக்கு அது. மிகத் தெளிவாகத் தெரிந்த உயிரணுக்களில் 46 மட்டுமே கண்டதாக 1921இல் அவரே எழுதியிருந்தார். ஆயினும் முடிவில் 48 பக்கமே சாய்ந்தார். பாடநூல்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வெண்ணையே ஓதின.

எண்ணுவது எளிதன்று என்பதும் உண்மை. அன்றைய முறையில் நிறப்புரிகள், வெந்த இடியாப்பம் போல் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும். அரியும் கத்தி சிலவற்றைத் துண்டாக்கியும் விடும். இச்சிக்கலை அவிழ்த்தது ஒரு தற்செயல். டெக்சசின் கால்வெஸ்டன் நகரில் டி. சி. சூ என்பவரின் ஆய்வகத்தில், உப்புச் செறிவு தவறுதலாகக் குறைந்துபோன கரைசலில் உயிரணுக்கள் கழுவப்பட்டன. நீர் உட்புகுந்து உயிரணு உப்ப, நிறப்புரிகள் தனித்தனியே விலகிப் பரந்தன. இத்துணைத் தெளிவாகக் கண்டும், 1952இல் சூ வெளியிட்ட எண் 48தான்!

சுவீடனின் லுண்ட் நகரில் நிகழ்ந்தது இதனினும் வியப்பு. கருவின் கல்லீரல் உயிரணுக்களை ஆய்ந்த ஒரு குழுவினர் மீண்டும் மீண்டும் 46 எண்ணினர். எஞ்சிய இரண்டும் அகப்படவில்லையே என்று ஆய்வையே நிறுத்தி வைத்தனர். தம் கண்ணினும் பாடநூலைப் பெரிதாக நம்பினர் போலும்.

அதே லுண்டில், 1955 திசம்பர் 22 அன்று, சாவகத்தில் பிறந்த ஜோ ஹின் சியோ நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார். கருவின் நுரையீரலிலிருந்து வளர்த்த உயிரணுக்களுக்கு அவர் முதலில் கோல்ச்சிசின் ஊட்டியிருந்தார். நம் செங்காந்தள் கிழங்கிலும் உள்ள நஞ்சே அது. நிறப்புரிகளை இருபுறமும் இழுக்கும் கதிர்நார்கள் உருவாகாமல் தடுத்து, உயிரணுப் பிளவை நடுவழியில் நிறுத்திவிடும். பின்னர் நீர்த்த உப்புக்கரைசலில் உயிரணுக்களை உப்பவைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்ல நசுக்கிப் பரப்பினார். நான்கு கருக்களின் உயிரணுக்களிலும் மிகுதியாகத் தென்பட்ட எண் 46. சக ஆய்வாளர் ஆல்பர்ட் லெவானும் அவரும் இணைந்து 1956இல் இதனை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே இங்கிலாந்தின் ஃபோர்டு, ஹாமர்டன் இருவரும் விரைத் திசுவில் 23 இணைகளைக் கண்டு உறுதிசெய்தனர்.

மூன்றே ஆண்டுகளில் இக்கணக்கின் பயன் தெரிந்தது. 1959இல் பாரிசில் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் ஆகியோர் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் உயிரணுக்களில் 47 நிறப்புரிகளைக் கண்டனர். பழைய 48 நீடித்திருந்தால், மிகுதியான அந்த ஒன்றைக் குறைவு என்றே மருத்துவ உலகம் எழுதி வைத்திருக்கும்.